வின்ரரிலை ஓடாத கார்

ரொறன்ரோவுக்குக் கிழக்கே விட்பியிலுள்ள முதியோர் இல்லமொன்றில் ரதிக்கு நிரந்தர வேலை கிடைத்ததை அவளுடைய கணவர் சச்சிதானந்தன் பழைய மாணவர் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் அறிவித்தபோது, அதில் ரதியின் பெயர் இருக்கவில்லை. ‘எமது தலைவரின் இல்லத்தில் ஒரு மகிழ்ச்சிச் செய்தி’ என்று தொடங்கிய அறிவித்தலைத் தலைவரே எழுதினார். அதன் கீழே வந்து விழுந்த நாற்பத்திரண்டு கும்பிடுகளையும் தலைவரே எண்ணினார்.

“நிரந்தரம் எண்டு போட்டிருக்கிறியள். இன்னும் மூண்டு மாதம் புறொபேசன் கிடக்கெல்லே?” என்றாள் ரதி.

“அதெல்லாம் சனத்துக்கு விளங்காது.”

சனத்துக்கு விளங்குமோ இல்லையோ, ரதிக்கு நன்றாக விளங்கியிருந்தது. டிசம்பர் பதினெட்டாம் திகதிவரை புறொபேசன், தகுதிகாண் காலம். அதற்குள் மூன்று தரம் பிந்திப் போனால் வேலை இல்லை. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்த அந்த வரியை மகள் அட்சயாவைக் கொண்டு இரண்டு தரம் வாசிப்பித்திருந்தாள்.

ஆறு வருடமாக அவள் ஏஜென்சி மூலம் வேலை செய்தவள். கைபேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுப்பாள். விடிய ஐந்து மணிக்கு அது அடிக்கும். இன்றைக்கு அஜின்கோர்ட், நாளைக்கு பிக்கரிங், மறுநாள் எங்கேயோ. அடிக்காத நாளில் சம்பளம் இல்லை. அடிக்காத போனைப் பார்த்துக்கொண்டு கிடப்பது அடிக்கிற போனைவிட மோசம். நிரந்தரம் என்றால் ஒரே கட்டடம், ஒரே மாடி, அதே பதினொரு கிழவிகள். அதில் தொண்ணூற்றொரு வயதுக்காரி ஒருத்தி, ரதி கோப்பையைப் பிடித்துக் கொடுத்தால்தான் தேத்தண்ணி குடிப்பாள். வேறு யாரும் கொடுத்தால் துப்பிவிடுவாள். ரதிக்கு வாழ்க்கையில் கிடைத்த பதவிகளில் அதுதான் பெரியது. அதை அவள் எந்தக் குழுவிலும் போடவில்லை.

வேலை ஏழு மணிக்குத் தொடங்கும். அவர்கள் இருந்த மல்வேர்னிலிருந்து விட்பிக்குப் போக மூன்று பஸ். வீட்டு வான் பத்தொன்பது வருடம் உழைத்துவிட்டு செப்டெம்பரில் நெடுஞ்சாலையோரம் படுத்துவிட்டது. நல்ல காலமாக அடுத்த வீட்டு வரிசையில் இருந்த வேரோனிக்காவுக்கும் அதே இல்லத்தில் வேலை. அவளுடைய காரில் தொற்றிக்கொண்டு போய்வந்தாள். ஆனால் வேரோனிக்கா அக்டோபரிலேயே சொல்லிவிட்டாள்.

“டிசம்பர் முதலாம் திகதியிலை இருந்து நான் நைற் ஷிஃப்ற் அக்கா. மாமியைப் பகலிலை பாக்க ஆளில்லை. அதுக்கிடையிலை நீங்கள் ஒரு காரைப் பாத்திடுங்கோ.”

காரைப் பார்க்கும் பொறுப்பைச் சச்சிதானந்தன் ஏற்றுக்கொண்டார். அவர் ஒரு வெயார்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ற் ஓடுகிறவர்களுக்கு மேற்பார்வையாளர். விசிட்டிங் கார்டில் ‘லொஜிஸ்ரிக்ஸ் ஆலோசகர்’ என்று இருந்தது. வேலைத்தலம் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. கார் அவருக்கு வேலைக்குப் போகத் தேவையில்லை. கலியாண ஹோல்களுக்குப் போகத்தான் தேவை.

பழைய மாணவர் சங்கம் நான்கு வருடத்துக்கு முன் இரண்டாகப் பிரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னால் இரண்டு பகுதியும் சண்டைக்கு வரும் என்பதால் அது வேண்டாம். ஒரு பாதிக்குத் தலைவர் சச்சிதானந்தன். மற்றப் பாதிக்குத் தலைவர் ராகுலன். ராகுலன் வீடு விற்கிற தரகர். ஸ்காபரோவின் பஸ் தரிப்பிட வாங்குகளில் ஒட்டிய விளம்பரங்களில் அவர் கைகளைக் கட்டிக்கொண்டு சிரிப்பார். அவர் பெரிய ஜீப்பில் வந்து ஹோலின் வாசலில் இறங்கும்போது, சச்சிதானந்தன் தன்னுடைய வானைக் குப்பைப் பெட்டிகளுக்குப் பின்னால் மறைத்துவிட்டு நடந்து வந்துகொண்டிருப்பார். நான்கு வருடமாக இதுதான் நடந்தது.

அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசாவின் பின்பக்கம் கராஜ் வைத்திருக்கும் மன்னார் அலெக்ஸாண்டர்தான் முதலில் ஒரு காரைக் காட்டினார். சாம்பல் நிறக் கொறொல்லா.

“சீன ரீச்சர் ஒராள் வைச்சிருந்தவ. பள்ளிக்கூடம், சாமான் கடை, வீடு. வேறை இடம் தெரியாத கார். அடியிலை ஒரு பொட்டுக் கறள், துரு இல்லை. குனிஞ்சு பாருங்கோ தலைவர்.”

தலைவர் குனியவில்லை. “அலெக்ஸ், மல்வேர்னிலை பத்துக் கார் நிண்டால் அதிலை ஆறு சாம்பல் கொறொல்லா. ஹோலிலை நான் எதிலை வந்தனான் எண்டு நானே தேட வேண்டி வரும்.”

“கார் ஆருக்கு? ஹோலுக்கோ, தங்கச்சிக்கோ?”

“குடும்பத்துக்கு.”

“தங்கச்சி குடும்பத்திலை சேர்த்தியில்லையோ?”

ரதி இதற்குள் கொறொல்லாவின் கதவைத் திறந்து உள்ளே இருந்து பார்த்திருந்தாள். இருக்கை அவளுடைய உயரத்துக்கே சரியாக இருந்தது. ரீச்சரும் கட்டைபோலும்.

“இது போதும், எனக்குக் காணுமப்பா,” என்றாள்.

“உனக்குக் காணும்,” என்றார் சச்சிதானந்தன். “உனக்கு எதுவும் காணும். அதுதான் பிரச்சினை.”

அலெக்ஸாண்டர் கையை ஒரு துணியில் துடைத்துக்கொண்டார். “சரி. உதை நான் இப்ப விக்கேல்லை. பார்ட்ஸ் எடுத்து வர எனக்கும் ஒண்டு வேணும். நிக்கட்டும். வின்ரர் வரட்டும்.”

*

எட்மன்ரனில் இருந்த ஒரு ஜேர்மன் காரின் படங்கள் வட்ஸ்அப் வழியாக வந்து சேர்ந்தது அந்த வாரம்தான். கறுப்பு நிறம். முன்னாலே வெள்ளிச் சின்னம். பதினான்கு படங்கள், பதினான்கிலும் வெயில். ஒன்றில் காருக்குப் பின்னால் ஏரி, ஏரிக்குப் பின்னால் மலை. சச்சிதானந்தன் அந்த மலையை இரண்டு விரலால் பெருப்பித்துப் பார்த்தார், அதுவும் காரோடு வருவதுபோல. விற்கிறவரின் பெயர் அருள்நாயகம். படங்களோடு வந்த குறிப்பின் கடைசி வரியில் அவர் படித்த பள்ளிக்கூடத்தின் பெயர் இருந்தது.

“எங்கடை பள்ளிக்கூடம்!” என்றார் சச்சிதானந்தன். அதோடு காரின் பரிசோதனை முடிந்தது.

அன்று பின்னேரம் அவர் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். ரதி சமையலறையில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். மாவு இறுகிப்போயிருந்தது. அன்று இல்லத்தில் ஆளைத் தூக்கி இருத்தும் லிஃப்ற் மெசின் பழுதானதால் நாலு கிழவிகளைக் கையாலே தூக்க உதவியிருந்தாள். உரலை அழுத்த அழுத்தத் தோள்மூட்டு தனியாகக் கழன்று வருவதுபோல இருந்தது.

“தம்பி, நீர் எந்த வருஷம்?”

“எண்பத்தொன்பதிலை ஓ.எல். சோதினை எடுத்தனான் அண்ணை. ஹொஸ்ரல். உங்களை எனக்கு நல்லாத் தெரியும். நீங்கள் அப்ப பிறிபெக்ற், மாணவர் தலைவர். என்னை ஒருக்கால் முழங்காலிலை விட்டனியள்.”

“எதுக்கு?”

“பிரார்த்தனை நேரம் சிரிச்சதுக்கு.”

“பிறகு சிரிச்சனீரோ?”

“இல்லை அண்ணை.”

“பாத்தீரே!” சச்சிதானந்தனின் முகம் முப்பத்தைந்து வருடம் இளமையானது. ஹொஸ்ரல் சாம்பார், கிணற்றடி, விளையாட்டுப் போட்டியில் எந்த இல்லம் எந்த வருடம் வென்றது என்பதில் நாற்பது நிமிடம் போனது. ரதி இரண்டு தட்டு அவித்து இறக்கிவிட்டாள்.

“சரி தம்பி, காரை ஏன் விக்கிறீர்?”

“அதுதான் அண்ணை சொல்ல வந்தனான். போன வின்ரர் முழுக்க ஓடேல்லை. அதுக்கு முதல் வின்ரரும் ஓடேல்லை. சமரிலை நல்லா ஓடும், பொய் சொல்லக்கூடாது.”

சச்சிதானந்தன் போனைக் கையால் பொத்தினார். “கேட்டியே? ரெண்டு வின்ரர் ஓடேல்லையாம். ஸ்நோவுக்கு றோட்டிலை கொட்டுற உப்புப் படாத கார். உப்பிடி ஒண்டு ஒன்ராரியோ முழுக்கத் தேடினாலும் கிடையாது.” கையை எடுத்தார். “விலையைச் சொல்லும்.”

“போட்ட விலையிலை உதுக்காக ஒரு ஆயிரத்தைக் குறைச்சுத் தாறன் அண்ணை.”

“எதுக்காக?”

“வின்ரரிலை ஓடாததுக்கு.”

சச்சிதானந்தன் சிரித்தார். பிறிபெக்ற் சிரிப்பு. “வின்ரரிலை ஓடாததுக்கு விலையைக் கூட்டவெல்லோ வேணும்! நீர் ஒரு அப்பாவி. பழைய மாணவனிட்டை நான் குறைச்சு வாங்கினன் எண்டு நாளைக்கு ஒருத்தரும் கதைக்கக்கூடாது. போட்ட விலை போட்ட விலைதான்.”

எட்மன்ரனில் அருள்நாயகம் தொண்டையைச் செருமினார்.

“அண்ணை, ரொறன்ரோவும் குளிர்தானே? உங்களுக்குப் பரவாயில்லையோ?”

“அதை நாங்கள் பாத்துக்கொள்ளுவம்.”

“இல்லை அண்ணை, நான் என்ன சொல்லுறன் எண்டால்...”

“தம்பி!”

“ஓம் அண்ணை.”

“எங்களிட்டை மெக்கானிக் இருக்கு. நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்.”

“அப்ப சரி அண்ணை,” என்றார் அருள்நாயகம். “உங்களுக்குப் பெரிய மனம்.”

போனை வைத்த பிறகும் சச்சிதானந்தன் அந்தப் பெரிய மனத்தோடு நடுவீட்டில் நின்றார். பல்கலைக்கழகத்தால் வந்து சப்பாத்தும் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்த அட்சயா, “அப்பா, டிட் யூ ஈவின் ஆஸ்க் ஃபோர் அன் இன்ஸ்பெக்ஷன்? ஆராவது ஒரு மெக்கானிக் அங்கை போய்ப் பாக்கலாம். இற்ஸ் லைக், நோர்மல்,” என்றாள்.

“உங்கடை தலைமுறைக்கு எல்லாத்துக்கும் ரிப்போர்ட். பள்ளிக்கூடத்துப் பிள்ளையை நான் சந்தேகப்பட்டால் அவன்ரை மனம் என்ன பாடுபடும்?”

“கேளாமல் ஆயிரம் குறைக்கிற ஆள் ஏனப்பா குறைக்கிறார்?” என்று ரதி அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

“மரியாதை. என்னட்டை முழங்காலிலை நிண்டவன்.”

இடியப்பம் ஆறிப்போயிருந்தது. ஆனாலும் சச்சிதானந்தன் பன்னிரண்டு சாப்பிட்டார்.

*

கார் நவம்பர் பதினாலாம் திகதி வரவேண்டும். எட்டு வாகனங்களை மாடி மாடியாக ஏற்றி வரும் நீளமான லொறியில் அது ஐந்தாவது. சாரதியின் பெயர் மரியோ. பதினாலாம் திகதி மரியோ வழியில், தண்டர் பே நகரில் நின்றான். ஸ்நோ கொட்டி வீதியைப் பூட்டிவிட்டார்கள். பதினேழாம் திகதியும் அங்கேதான் நின்றான். சச்சிதானந்தன் லொஜிஸ்ரிக்ஸ் ஆலோசகர் என்ற முறையில் மரியோவுக்கு நாளுக்கு மூன்று தரம் ஆலோசனை சொன்னார். இருபதாம் திகதி மரியோ போன் எடுப்பதை நிறுத்திவிட்டான்.

இதற்கிடையில் கார் எல்லா இடமும் ஓடித் திரிந்தது. சங்கத்தின் நிர்வாகக் கூட்டத்தில், கோயில் அன்னதானப் பந்தியில், செத்தவீட்டில் மலர்ச்சாலை வாசலில். “வின்ரரிலை ஓடாத கார்,” என்பார் சச்சிதானந்தன், கைகளைப் பின்னாலே கட்டிக்கொண்டு. மற்றவர்கள் தலையை ஆட்டுவார்கள். இந்த ஊரில் ஐந்து வருடத்தில் கதவின் கீழ்ப்பக்கம் உப்பில் கறள் பிடித்து அப்பளமாக உதிருவதைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்தச் சொல்லுக்கு ஒரு மந்திரம்போல மரியாதை இருந்தது.

ரதிக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. அக்டோபரில் ஒரு நாள் வேரோனிக்காவின் மகனுக்குக் காய்ச்சல் வந்து ஒரு தரம் பிந்தியிருந்தாள். நவம்பர் பத்தொன்பதாம் திகதி முதல் ஸ்நோவில் நெடுஞ்சாலையில் ஐந்து கார் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. வேரோனிக்காவும் அவளும் ஏழு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வேரோனிக்கா நிரந்தரம், ஒன்றும் நடக்கவில்லை. ரதியை மனேஜர் அறைக்குள் கூப்பிட்டாள். நல்ல பெண்தான். கதிரையைக் காட்டி இருத்திவிட்டு, ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். “வன் மோர், ரதி.”

அடுத்த ஓய்வு நாளில் ரதி படுத்திருக்கவில்லை. நாலரைக்கு எழும்பி, மூன்று பஸ்ஸும் பிடித்து, வேலை இல்லாத நாளில் வேலைக்குப் போய்ப் பார்த்தாள். தரிப்பிடத்தில் வாங்கு முழுவதும் ராகுலன் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய நெஞ்சில் ஸ்நோ ஏறியிருந்ததால் அவள் இருக்கவில்லை, நின்றாள். இல்லத்தின் வாசலைத் தொட்டபோது ஏழு பன்னிரண்டு. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அந்தத் தொண்ணூற்றொரு வயதுக்காரியின் சக்கர நாற்காலி தெரிந்தது. யாரோ கோப்பையை நீட்ட அவள் முகத்தைத் திருப்பினாள். ரதி உள்ளே போகாமல் மறு பஸ்ஸுக்குத் திரும்பினாள்.

“பஸ்ஸிலை சரிவராது,” என்று பின்னேரம் சொன்னாள். “பன்னிரண்டு நிமிஷம் பிந்துது. உங்கடை கார் வராட்டில் எனக்கு வேலை இல்லை. அவ்வளவுதான் கதை.”

“வரும். நல்ல சாமான் மெதுவாத்தான் வரும்.”

“அலெக்ஸண்ணையின்ரை கார் இன்னும் நிக்குது. போன கிழமை கண்டனான்.”

“ரதி, அந்தச் சாம்பலை நீ இன்னும் விடேல்லையோ?”

நவம்பர் இருபத்தொன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, கார் வந்தது. நல்ல வேளை பார்த்துத்தான் வந்தது. இரண்டு நாளாக மழை. வெப்பம் எட்டுப் பாகை. ஸ்நோ எல்லாம் கரைந்து ஓடிவிட்டது. பிளாசா வளவுக்குள் மரியோ பலகையைச் சரித்து அதை இறக்கினான். ஒரே திருப்பில் உயிர் வந்தது. பெரிய பூனை தொண்டைக்குள் உறுமுவதுபோலச் சத்தம். சாமான் வாங்க வந்த சனம் கறிவேப்பிலைக் கட்டுகளோடு நின்று பார்த்தது.

சில்லுகளுக்குக் கீழே நாலு தேசிக்காய் நசிந்தன. கோயிலில் ஐயர் சந்தனம் வைத்துக் கற்பூரம் காட்டினார்.

“புதுக் காரோ?”

“அதைவிட விசேஷம் ஐயா. வின்ரரிலை ஓடாத கார்.”

“சந்தோஷம்,” என்றார் ஐயர். அவருடைய காரில் கறள் பிடித்த கதவை அவர் மூன்று வருடமாகக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். அதனால் உண்மையாகவே சொன்னார்.

பின்னேரம் ரதி அதை விட்பிவரை ஓடிப் பார்த்தாள். முப்பத்திரண்டு நிமிடம். இருக்கை கொஞ்சம் தாழ்வு. ஒரு தலையணையைப் போட்டுக்கொண்டாள். அன்று அவள் ஆறு வருடத்தில் முதன்முறையாகக் கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுத்தாள். திங்கட்கிழமை கடைசித் தரமாக வேரோனிக்காவோடு போய்வந்தாள். திங்கள் பின்னேரம் மழை நின்று, காற்று வடக்கே திரும்பியது.

*

செவ்வாய்க்கிழமை விடிய, மைனஸ் பதினேழு.

ஐந்து ஐம்பதுக்கு ரதி நீல யூனிபோர்முக்கு மேலே கோட்டைப் போட்டு, சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து காருக்குள் இருந்தாள். திறப்பைத் திருப்பினாள். ஜேர்மன் ஒரு தரம் இருமியது. இரண்டாம் தரம் இருமவும் இல்லை. முன்பலகையில் சிவப்பிலும் மஞ்சளிலும் எல்லா விளக்கையும் ஏற்றினபடி, அது சும்மா இருந்தது.

சச்சிதானந்தன் சாரத்துக்கு மேல் ஜக்கெற்றோடு ஓடி வந்தார். “தள்ளு, நான் பாக்கிறன். இதுகளைப் பிடிக்கிற முறை ஒண்டிருக்கு.” அவர் பிடித்த எந்த முறைக்கும் அது அசையவில்லை. பொனெற்றைத் திறந்தார். உள்ளே என்ன பார்க்க வேண்டும் என்று தெரியாததால் திரும்ப மூடினார்.

“மணி ஆறு ஆகப்போகுது,” என்றாள் ரதி.

“பொறு, அருளுக்கு அடிக்கிறன். ஏதோ ஒரு ஸ்விச் இருக்கும்.”

எட்மன்ரனில் அப்போது நாலு மணி. ஐந்தாம் தரம் போன் அடித்தபோது அருள்நாயகம் எடுத்தார்.

“தம்பி, கார் ஸ்ரார்ட் வருகுதில்லை!”

“அண்ணை... அங்கை எத்தினை மைனஸ்?”

“பதினேழு.”

“பிறகென்னெண்டு அண்ணை ஸ்ரார்ட் வரும்? அண்டைக்கே சொன்னனான், வின்ரரிலை ஓடேல்லை எண்டு.”

“ஓடேல்லை எண்டால் நீர் ஓடேல்லை எண்டெல்லோ!”

“நான் இல்லை அண்ணை. அது ஓடேல்லை.”

சச்சிதானந்தனின் வாயிலிருந்து புகைபோல மூச்சு வந்து, அப்படியே நின்றது.

“மைனஸ் பத்துக்குக் கீழை போனால் பிடிக்காது,” என்றார் அருள்நாயகம். நித்திரை இப்போது முழுதாகக் கலைந்துவிட்டது. “நாலு கராஜிலை காட்டினனான். ஏதோ கொம்பியூட்டர் எண்டினம், ஜேர்மனியிலை இருந்து சாமான் வரவேணும் எண்டினம். சமர் வந்தால் சிங்கம். அதுக்காகத்தானே ஆயிரம் குறைக்கிறன் எண்டனான். வேண்டாம், போட்ட விலைதான் எண்டியள். நான் வீட்டுக்காரியிட்டைச் சொன்னன், அண்ணை என்னை முழங்காலிலை விட்டதை நினைச்சு இப்பவும் மனவருத்தப்படுறார் போலை எண்டு. அவ அழுதிட்டா.”

“நீர் விளப்பமாச் சொல்லியிருக்க வேணும்!”

“சொல்ல வெளிக்கிட்டனான் அண்ணை. நீங்கள் ‘தம்பி!’ எண்டியள். பிறிபெக்ற் அப்பிடிச் சொன்ன பிறகு நான் என்னத்தைச் சொல்ல?”

ரதி கையை நீட்டிப் போனை வாங்கினாள். “தம்பி, நான் ரதி அக்கா. நீங்கள் பொய் சொல்லேல்லை. அந்த ஆயிரத்தை மட்டும் எனக்கு அனுப்பிவிடுங்கோ.”

“இண்டைக்கே அனுப்புறன் அக்கா. வேணுமெண்டால் காரையும் திருப்பி...”

“பிறகு கதைப்பம். நீங்கள் படுங்கோ.” வைத்துவிட்டு, தன்னுடைய போனில் வேறொரு எண்ணை அழுத்தினாள்.

“ஆருக்கு?” என்றார் சச்சிதானந்தன்.

“அலெக்ஸண்ணை, ரதி கதைக்கிறன். வின்ரர் வந்திட்டுது,” என்றாள்.

எட்டு நிமிடத்தில் சாம்பல் நிறக் கொறொல்லா வளவுக்குள் திரும்பியது. அந்த எட்டு நிமிடமும் ரதி ஒரு இடத்தில் நிற்கவில்லை. நடைபாதையில் அந்தத் தலைக்கும் இந்தத் தலைக்கும் நடந்தாள். உறைந்துபோன மழைத்தண்ணி சப்பாத்தின் கீழே நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. சச்சிதானந்தன் ஒரு சமாதானம் தொடங்கினார். அவள் மறு தலைக்குப் போய்விட்டாள். அவள் திரும்பி வரும்போது அவருக்கு அது மறந்துவிட்டது.

அலெக்ஸாண்டர் இறங்கித் திறப்பை அவள் கையில் வைத்தார். “கராஜின்ரை நம்பர் பிளேற்றும் இன்சூரன்சும் கிடக்கு. ஓடிக்கொண்டு போங்கோ தங்கச்சி. மிச்சம் பின்னேரம்.”

“நீங்கள் எப்பிடிப் போவியள்?”

“நான் தலைவரோடை நிண்டு கொஞ்சம் ஜேர்மனைப் பாக்கிறன். எனக்கும் ஒரு ஆசை இருக்குமெல்லே?”

கொறொல்லா போன பிறகு இரண்டு ஆண்களும் கறுப்புக் காரைச் சுற்றி நின்றார்கள். கோயிலில் போட்ட மாலை பொனெற்றில் உறைந்து கம்பிபோல விறைத்திருந்தது. அலெக்ஸாண்டர் அதை ஒரு விரலால் சுண்டினார். ஒரு செவ்வந்திப் பூ உடைந்து விழுந்தது.

“கறள் இல்லைத்தான்,” என்றார்.

ரதி இல்லத்தின் வாசலில் அட்டையைத் தட்டியபோது ஆறு ஐம்பத்தாறு.

*

டிசம்பர் பத்தொன்பதாம் திகதி, சனிக்கிழமை, ஒரு கலியாண வரவேற்பு. இரண்டு சங்கத்துக்கும் அழைப்பு. மைனஸ் பதினொன்று. ஜேர்மன் கார் வீட்டு வளவில், விருந்தினர் தரிப்பிடத்தில் ஒரு முழ ஸ்நோவுக்குக் கீழே கிடந்தது. சச்சிதானந்தன் ரக்ஸியில் போகலாமா என்று யோசித்து, அது கொறொல்லாவைவிடக் கேவலம் என்று முடிவுசெய்திருந்தார்.

ரதி வேலை முடிந்து நேரே வந்தாள். உடுப்பு மாற்றவில்லை. சச்சிதானந்தன் கோட்டும் கழுத்துப் பட்டியுமாகப் பக்கத்து இருக்கையில் ஏறினார். அவளுடைய கைப்பைக்குள் நேற்று மனேஜர் கொடுத்த கடிதம் இருந்தது. அதில் இரண்டாம் பக்கம் இல்லை.

“புறொபேசன் முடிஞ்சுது,” என்றாள். “இனி ஒருத்தரும் நிப்பாட்டேலாது.”

“எப்ப சொன்னவை?” அவர் உண்மையிலேயே மகிழ்ந்தார். “நல்லது. இண்டைக்குப் பேசச் சொன்னால் அறிவிச்சுவிடுறன்.”

“என்ன எண்டு அறிவிப்பியள்?”

அவர் யோசித்தார். “எமது இல்லத்தில்...” என்று தொடங்கி, அவளுடைய முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

“பின்னாலை விடு,” என்றார் ஹோல் நெருங்கியதும். “குப்பைப் பெட்டிக்கு அங்காலை இடம் இருக்கும்.”

ரதி வாசலில் நிறுத்தினாள். சச்சிதானந்தன் இறங்க, அதே நேரம் ராகுலனின் ஜீப்பும் வந்து நின்றது. வாங்கில் இருப்பதுபோலவே ராகுலன் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

“என்ன தலைவர், எங்கை அந்த ஜேர்மன்?”

சச்சிதானந்தன் ஒரு கணம் தடுமாறினார். பிறகு அவருடைய வாய் இரண்டு மாதம் பழகிய பாதையில் தானாகவே போனது. “அது வின்ரரிலை ஓடாத கார் எல்லே.”

சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். “பாத்தியளே, ஒரு பொட்டு உப்பும் படவிடாத ஆள்,” என்றார் ஒருவர். சச்சிதானந்தன் அதைக் கேட்டார். தான் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை என்பது அவருக்கு மெதுவாக விளங்கியது. முதுகு நிமிர்ந்தது.

ராகுலன் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கிட்ட வந்தார். குரலைத் தணித்தார். “ஐசே, உள்ளதைச் சொல்லும். விக்கிற யோசினை ஏதும் இருக்கோ? வின்ரரிலை ஓடாத கார் ஒண்டு எனக்கும் வேணும்.”

சச்சிதானந்தனின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தை ரதி கண்ணாடிக்குள்ளால் பார்த்தாள். பக்கத்து யன்னலை இறக்கினாள். குளிர் உள்ளே ஏறியது.

“ராகுலண்ணை, விளங்கச் சொல்லுறன். நாங்கள் அதை ஓடாமல் வைச்சிருக்கேல்லை. அது ஓடாது. பழுது. குளிருக்கு ஸ்ரார்ட் வராது.”

சச்சிதானந்தன் சப்பாத்தைப் பார்த்தார்.

ராகுலன் வாய்விட்டுச் சிரித்தார். வீடு விற்கிற மனுஷன். எத்தனையோ மனைவிமாரைப் பார்த்தவர். “பாத்தீரே, தங்கச்சிக்கு விக்க மனமில்லை! கார் பழுதாம்!” சச்சிதானந்தனின் தோளில் கையைப் போட்டார். “நீர் வாங்கின விலைக்கு மேலை ஒரு ஆயிரம் வைக்கிறன். வாரும், உள்ளை போய்க் கதைப்பம்.”

“அண்ணை, நான் பகிடி விடேல்லை.”

“தெரியும் தங்கச்சி, தெரியும்.” அவர் போகிற போக்கில் கொறொல்லாவின் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினார், பாவம் என்பதுபோல.

சச்சிதானந்தன் திரும்பி ரதியைப் பார்த்தார். “நீ வரேல்லையே?”

“எனக்கு நாளைக்கு ஏழு மணிக்கு வேலை,” என்றாள். “நீங்கள் ராகுலண்ணையின்ரை ஜீப்பிலை வாங்கோ. அவருக்கு வழியிலை இன்னொருக்கால் சொல்லுங்கோ.”

யன்னலை ஏற்றினாள். திறப்பைத் திருப்பினாள். கொறொல்லா ஒரு சத்தமும் காட்டாமல் ஸ்ரார்ட் வந்தது. அதை வாசலில் நின்ற ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.